அடுக்களையும் அழைப்பும்

இயேசுவுக்குப் பணிவிடை செய்த மார்த்தாள், அவர் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாள் என்னும் சகோதரிகளைப் பற்றிய லூக்கா நற்செய்திப் பகுதி, வீட்டு வேலையைத் தியானத்துக்குக் கீழானதாகக் காட்டுவதாக நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. குழந்தையின் அணையாடையைத் துவைப்பதும் இறைவனின் 'அழைப்பே', அதாவது ஒருவருக்கென அவர் ஒப்படைத்த பணியே, என்ற பொருள்பட மார்ட்டின் லூதர் 1522இல் எழுதியபோது அவ்வாசிப்பு ஆட்டங்கண்டது.

அக்கருத்து நடைமுறையில் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை, இங்கிலாந்தின் எப்வொர்த்தில் ஆங்கிலிக்கன் குருவானவரின் மனைவியாக வாழ்ந்த சுசன்னா வெஸ்லியிடம் (1669–1742) காணலாம். பெற்ற பிள்ளைகளுள் 10 பேரே பிழைக்க, அவர்களுக்கு வீட்டிலேயே கற்பித்துவந்த அவர், தரங்கம்பாடியில் பணியாற்றிய தேனிய மிஷனெரிகளைப் பற்றிய நூலொன்றை வாசித்து நெகிழ்ந்து, மாலைதோறும் ஒரு பிள்ளையுடன் தனித்தமர்ந்து அதன் ஆன்ம நலம் குறித்து உரையாடலானார். பின்னாளில் மெதடிச இயக்கத்தைத் தொடங்கிய ஜானுக்குரிய நாள் வியாழன். (காவிரிக் கழிமுகத்தருகே நடந்த பணி ஓர் ஆங்கிலேய அடுக்களையை அசைத்தது என்பது வியப்புக்குரியதே.)

1712இல், கணவர் இலண்டனில் இருந்தபோது, சுசன்னா குடும்பத்தாருக்காக நடத்திய ஞாயிறு மாலை வழிபாட்டுக்கு அயலாரும் திரள, உதவிக் குரு முறையிட, கணவரும் தடுக்க விரும்பினார். சுசன்னாவோ, விருப்பமாக அன்றித் தெளிவான கட்டளையாக எழுதியனுப்பினாலன்றி, இறுதித் தீர்ப்பு நாளில் தம் மனச்சான்று விடுபடாது என விடையளித்தார். கணவரின் அதிகாரத்தை மறுக்காமலேயே, அதன் பொறுப்பை அவரிடமே திருப்பிய விடை அது.