பட்டமும் மனித மதிப்பும்



மே மாதம் பரீட்சை முடிவுகள் வெளிவரும் மாதம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அப்போது இரண்டே பேச்சுத்தான்: எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, பணத்துக்கு எங்கே போவது. தாயின் நகை அடகுக்குப் போகிறது. படகுக்கு இயந்திரம் வாங்கச் சேர்த்த பணம் கல்லூரிக் கட்டணமாகப் போகிறது. இவ்வளவையும் செய்யுமுன் ஒரு கேள்வியை நிதானமாக ஆராய்வது நலம். பட்டம் பெற்றவன், பெறாதவனைவிட மதிப்பு மிகுந்த மனிதனா?

"இல்லை, சாமி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நம் நடத்தையும் அப்படித்தான் சொல்லுகிறதா?

முதலில் பெற்றோர் பக்கத்து நியாயத்தைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26-ல் கடல் கரையேறியதை நம் கரையோரம் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, படகையும் தென்னையையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. "நான் கடலிலும் உப்பளத்திலும் பட்ட பாடு என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று ஒரு தகப்பன் சொன்னால், அதில் குற்றம் ஒன்றுமில்லை. அது தகப்பனுக்குரிய அன்பு.

"ஏழையின் பிள்ளை தகப்பன் தொழிலையே செய்யட்டும்" என்று எவரும் புத்தி சொல்லவும் கூடாது. சென்னை ராஜ்யத்தில் 1953-ல் இராஜாஜி கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் படித்து, மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகவேண்டும் என்பது அது. மக்கள் அதைக் "குலக்கல்வி" என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது சரியே. கைத்தொழில் உயர்ந்ததானால், அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கும் அது உயர்ந்ததுதானே? உயர்ந்தது என்று புகழ்ந்துகொண்டே அதை ஏழைக்கு மட்டும் விதிப்பது அநீதி.

திருச்சபையும் படிப்பைத் தடுக்கவில்லை. நம் நாகப்பட்டினத்தில் 1844-ல் சேசு சபைக் குருக்கள் தொடங்கிய கல்விச்சாலைதான் 1883-ல் திருச்சிக்கு மாறி, சூசையப்பர் கல்லூரியாக, இன்று நாம் சொல்லும் வளனார் கல்லூரியாக விளங்குகிறது. எத்தனையோ ஆயிரம் பட்டதாரிகளை உண்டாக்கிய அக்கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? ஒரு தச்சருடைய பெயரை. இதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பிழை எங்கே இருக்கிறது?

கரையில் மீன் ஏலம் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். கேட்போர் பெருகப் பெருக விலை ஏறும். கூடையில் கிடக்கும் மீன் ஒரு விரற்கடைகூட வளராது. உத்தியோகத்துக்கும் இதுவே நடக்கிறது. 2021-22-ம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுள்ளோர் தொகையோடு ஒப்பிட, உயர்கல்வியில் சேர்ந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 28, தமிழ்நாட்டில் 47. இது சந்தோஷத்துக்குரியது. ஆனால் 2024-ல் நடந்த குரூப் 4 தேர்வையும் பாருங்கள். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு அதிகம். பட்டதாரிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் மூடரா? சோம்பேறிகளா? இடம் குறைவு, அவ்வளவுதான். கணக்கினால் வந்த தோல்வியை அந்தப் பிள்ளையின் குணத்தின்மேல் சுமத்துகிறோமே, அங்கேதான் நம் பிழை தொடங்குகிறது.

பட்டம் என்பது ஓர் அடையாளம். இன்னதைக் கற்றான் என்று அது சாட்சி சொல்லும். இவன் உண்மையுள்ளவனா, பெற்றோரைக் காப்பாற்றுவானா, அயலானுக்கு உதவுவானா என்பதற்கு அது சாட்சியாகாது. கற்றதற்கெல்லாம்கூட அது சாட்சியாவதில்லை. வாடைக்காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எப்படிப் போகும், வலையை எங்கே விடலாம் என்று அறிந்த மனிதரிடம் காகிதம் ஒன்றும் இல்லை. நாகப்பட்டினத்திலேயே 2012-ல் மீன்வளத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டது. கடலைப் பற்றிய அறிவு பட்டத்துக்குத் தகுந்த அறிவு என்றால், பட்டமில்லாமல் அதில் தேர்ந்தவரும் அறிவாளியே.

இருந்தும் நாம் செய்வதென்ன? ஓலை வாசிக்குமுன்னே, "மாப்பிள்ளை என்ன படிப்பு?" என்று கேட்கிறோம். குடிப்பானா, உழைப்பானா என்பது அப்புறம். மார்க் குறைந்த பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, சோற்றுத் தட்டின் முன் அழவைக்கிறோம். அந்தச் சொல் தாங்காமல் உயிரையே விட்ட பிள்ளைகள் நம் தமிழ்நாட்டில் உண்டு. படித்து முடித்த மகனோ, சிநேகிதன் வரும்போது வலை பின்னும் தகப்பனை உள்ளே போகச் சொல்லுகிறான். அவன் கல்லூரியில் ஏறின படிகளெல்லாம் அந்தத் தகப்பனின் முதுகு அன்றோ?

"உலகம் பட்டத்தைத்தானே கேட்கிறது? எங்களை என்ன செய்யச் சொல்லுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உலகம் கேட்கிறது, உண்மை. பிழைப்புக்கு வேண்டியதை உலகத்துக்குக் கொடுங்கள். ஆனால் ஒரு மனிதன் எவ்வளவு பெறுவான் என்று தீர்ப்பிடும் உரிமையை அந்தக் காகிதத்துக்குக் கொடுக்காதீர்கள். அந்த உரிமை சர்வேசுரனுடையது. அவர் தம் சாயலாகப் படைத்தது பட்டதாரியை மட்டும் அல்ல.

ஆகையால் மூன்று காரியம் செய்யுங்கள். கடன் வாங்குமுன், இந்தப் படிப்பு எந்த வேலைக்கு வழி, அதைப் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டாம்.

இரண்டாவது, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், பட்டப்படிப்பானாலும் ஐ.டி.ஐ. ஆனாலும் மாதம் 1,000 ரூபாய் என்றே வகுத்தது. அரசாங்கம் வித்தியாசம் பாராதபோது நாம் ஏன் பார்க்கவேண்டும்?

மூன்றாவது, முடிவு வருமுன்பே பிள்ளையைக் கூப்பிட்டு, "மார்க் எதுவானாலும் நீ எங்கள் பிள்ளை" என்று சொல்லிவிடுங்கள். முடிவு வந்தபின் சொன்னால், அது ஆறுதலாகத்தான் தோன்றும். முன்பே சொன்னால் அதை நம்புவார்கள்.

மே முதல் நாள் தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள். 1955-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அதை ஏற்படுத்தினார். பரீட்சை முடிவுகளுக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. அந்த வார்த்தையைப் பிள்ளையிடம் சொல்ல அதைவிடத் தகுந்த நாள் வேறில்லை.

உங்கள் பங்குக் குரு