பெயர் ஓர் அமானிதம்

கடந்த வருட இறுதித் தவணை விடுமுறையில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு எனது கணனியைத் திறந்தேன். பாட்டுக்களை அடுக்கி வைத்திருந்த மென்பொருள், முதல் நாள் இரவு தன்னைத்தானே இற்றைப்படுத்திக்கொண்டிருந்தது. திரை புதிதாக, பளபளவென்று இருந்தது. ஆனால், நான் வருடக்கணக்காகக் கட்டிவைத்த ஒழுங்கு முழுவதும் கலைந்து கிடந்தது.

அவை சினிமாப் பாட்டுக்கள் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், 2002ஆம் ஆண்டு முதல், விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நான் பதிவுசெய்த குரல்கள். நாட்டார் இலக்கியம் பற்றிய ஓர் ஒப்படைக்காகத் தொடங்கிய வேலை அது. ஒப்படை முடிந்த பின்னரும் என்னை விடவில்லை. எங்கள் உம்மம்மாவின் தாலாட்டு, சூடடிக்கும் களத்தில் முதியவர்கள் பாடிய பொலிப்பாட்டு, வயற்காவலில் பாடிய கவி, களிகம்புப் பாட்டு என்று 19 கசெட்டுக்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபின், ஒரே இடத்தில் வைத்த பொருள் ஒரே நாளில் போய்விடும் என்பதைக் கரையோரத்தில் வாழும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆகவே 2008இல் அவற்றை ஒவ்வொன்றாகக் கணனிக்கு மாற்றினேன். மொத்தம் 212 கோப்புகள், 23 குரல்கள்.

இப்போது உம்மம்மாவின் தாலாட்டுக்கு மேல் யாரோ ஒரு சினிமா நடிகரின் படம் ஒட்டியிருந்தது. "பாட்டு 3" என்று நான் பெயரிட்டிருந்த கோப்பை இணையத்திலுள்ள ஏதோ ஒரு "பாட்டு 3" என்று மென்பொருள் தானாகவே முடிவுசெய்திருந்தது. அப்படி ஒன்றும் அகப்படாதவற்றை எல்லாம் ஒரே பெட்டிக்குள் கொட்டி, "தெரியாத கலைஞர்" என்று பெயர் வைத்திருந்தது.

மருமகனைக் கூப்பிட்டேன். கணனி விடயத்தில் அவன் கெட்டிக்காரன். அரை மணித்தியாலம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, பாட்டு ஒண்டும் அழியல்ல. 212ம் இருக்கு. என்னத்துக்குக் கவலப்படுறீங்க?"

அவன் சொன்னது உண்மை. எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. அப்படியென்றால் நான் இழந்தது என்ன? இந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் நடந்ததை விளங்கிக்கொள்ள முயன்றேன். ஒரு பாட்டின் பெயரும் பாடியவரின் பெயரும் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, பாட்டுக் கோப்பின் உள்ளேயே. மற்றது, மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் தரவுத்தளத்தில். கோப்பின் உள்ளே எழுதும் முறை 1996இல் வந்தது. எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட்டு இடம். அதில் பாட்டின் பெயருக்கு 30, பாடியவரின் பெயருக்கு 30. ஆங்கிலத்தில் 30 எழுத்து என்றால் ஓரளவு போதும். தமிழை யுனிகோட் முறையில் எழுதினாலோ ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு போய்விடுகிறது. மெய்யின் புள்ளியும் ஒரு குறி, கொம்பும் விசிறியும் ஒரு குறி. ஆக, 10 குறிகளுக்கு மேல் இடமில்லை. "உம்மம்மாவின் தாலாட்டு" என்று நான் எழுதியது, அந்த இடத்தில் "உம்மம்மாவி" என்று அறுந்து நின்றது. பின்னர் வந்த முறைகளில் இந்த நெருக்கடி இல்லை. ஆனால் பழைய கோப்புகளில் பழைய காயம் இருக்கத்தானே செய்யும்? வேறு சிலவற்றுக்கு நான் 2008இல் பாமினி எழுத்துருவில் பெயர் எழுதியிருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

மிகுதி எல்லாம், அதாவது பாடியவர் யார், எந்தக் களத்தில், எந்த மாதத்தில், எதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கு எல்லாம், தரவுத்தளத்தில் மட்டும் இருந்தன. புதிய பதிப்பு பழைய தரவுத்தளத்தை வாசிக்க முடியாமல் தூக்கிப்போட்டுவிட்டு, கோப்புகளைப் பார்த்துப் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டது. குரல்கள் இருந்தன, குரல்களைப் பற்றி நான் அறிந்திருந்தவை போய்விட்டன.

ஓர் ஆசிரியனுக்கு இது எளிதில் விளங்கும். என் வகுப்பில் 38 பிள்ளைகள். நாளைக்கு ஒருவர் வந்து இடாப்பைக் கிழித்துப்போட்டு, பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி, "எண்ணிப் பாருங்கள், 38உம் இருக்கிறார்கள்" என்றால் நான் ஒப்புக்கொள்வேனா? எந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது என்று முன்வரிசையில் வைத்தேன், எந்த இரண்டு பேரைச் சண்டைக்குப் பயந்து பிரித்து வைத்தேன் என்பதெல்லாம் அந்த ஒழுங்குக்குள்தான் இருந்தது. நான் பாட்டுக்களை விதைப்பிலிருந்து காவல், வெட்டு, சூடடிப்பு என்று வேளாண்மையின் வழியில் அடுக்கி, அதன் பின் கல்யாணத்தையும் தொட்டிலையும் வைத்திருந்தேன். அந்த வரிசையில் கேட்டால் ஒரு கிராமம் கேட்கும். அகரவரிசையில் கேட்டால் 212 பாட்டுக்கள் கேட்கும். ஒழுங்கும் ஓர் அறிவுதான். அதைக் கலைப்பது, ஒரு பொருளையும் திருடாமல் திருடுவதாகும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்கள் இரண்டை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டதும், வாங்கியவர்களின் கின்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். 2014 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் யூ2 இசைக்குழுவின் புதிய தொகுப்பொன்றை ஏறத்தாழ 50 கோடிப் பேரின் ஐடியூன்ஸ் கணக்குகளில், கேட்காமலே, இலவசமாகக் கொண்டுபோய் வைத்தது. எதிர்ப்பு வந்தபின் அதை அகற்றுவதற்கென்றே தனியாக ஒரு வழி செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. ஒன்று எடுத்தது, மற்றது கொடுத்தது. ஆயினும் தவறு ஒன்றே. வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நல்ல சாமான் கொண்டுவந்தேன் என்பது, கதவைத் தட்டாமல் வந்ததற்குச் சமாதானமாகாது.

இன்னொன்றும் உண்டு. இறுவட்டுக்களிலுள்ள பாட்டுக்களின் பெயர்களைக் கணனிக்குச் சொல்லும் ஒரு பெரிய பட்டியல் 1990களில் உருவானது. உலகெங்கும் எண்ணற்ற சாதாரண இசைப்பிரியர்கள் ஊதியமின்றி ஒவ்வொரு பெயராகத் தட்டச்சுச் செய்து நிரப்பிய பட்டியல் அது. அது பின்னர் கிரேஸ்நோட் என்ற வர்த்தக நிறுவனமாகி, 2008இல் 26 கோடி டொலருக்கு சோனியிடம் விற்கப்பட்டது. பலருடைய உழைப்பைச் சேர்த்து வைத்தவர், சேர்த்து வைத்ததனாலேயே அதற்கு உரிமையாளராகிவிட்டார்.

இவற்றையெல்லாம் நினைத்து, எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற முடிவோடு, பழைய சீ.ஆர். கொப்பியைத் தேடி எடுத்தேன். கசெட் இலக்கம், திகதி, இடம், பாடியவர் என்று பதிவுசெய்த காலத்திலேயே நான் எழுதி வைத்த கொப்பி அது. ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

11ஆவது கசெட்டுக்கு வந்தபோது கை நின்றது. எனது சொந்தக் கையெழுத்தில், பென்சிலால் இப்படி இருந்தது: "பேர் வேண்டாம் என்றார். வெளியில் போட வேண்டாம் என்றார்."

அந்தப் பெண்மணியை நான் மறக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் மறந்திருந்தேன். அல்லது மறக்க விரும்பியிருந்தேன். மண் அடுப்படியில் பாய் விரித்து என்னை இருத்தி, ஒன்பது கவிகள் பாடினார். தன் இளமையில், மாப்பிள்ளை தூரத்து வயலுக்குப் போய்த் திரும்பாத நாட்களில், தனக்குத்தானே கட்டிப் பாடிய கவிகள். பாடி முடித்துவிட்டு, "மகன், இத ஆருக்கும் போட்டுக் காட்டிராத. நான்தான் பாடினன் எண்டும் சொல்லிராத. நீ கேட்டதுக்காகப் பாடினன்" என்றார். நான் தலையாட்டினேன்.

2008இல் பெயர்களைத் தட்டச்சுச் செய்யும்போது அவருடைய பெயரையும் எழுதினேன். என் கணனியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் மௌத்தான பின், 2014இல் பாடசாலைத் தமிழ்மொழித் தின விழாவில் அந்தக் கவிகளில் இரண்டை ஒலிபெருக்கியில் போட்டேன். பெயரையும் சொன்னேன். எங்கள் ஊரின் பெயரறியாத பெண் கவிகளைக் கௌரவிக்கிறோம் என்று பேசினேன், நல்ல கைதட்டல். அவருடைய பேரன் அப்போது 9ஆம் வகுப்பில். கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பெருமையில் வந்த வெட்கம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மென்பொருள் என்னைக் கேட்காமல் எனது ஒழுங்கை மாற்றியது என்று கோபப்பட்டவன் நான். என்னிடமோ கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கேட்காமலே அவர் சொல்லியிருந்தார். சொல்லியும் மாற்றினேன். நல்ல சாமான் கொண்டுவந்தேன், கதவைத் தட்டவில்லை. பிறருடைய குரலைச் சேர்த்து வைத்ததனால் அதற்கு உரிமையாளன் ஆகிவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்பது கவிகளும் இப்போது "தெரியாத கலைஞர்" என்ற பெட்டிக்குள் கிடந்தன. நான் நிறைவேற்றாத வாக்கை ஒரு மூளையற்ற மென்பொருள் நிறைவேற்றியிருந்தது.

அப்படியானால் மென்பொருள் செய்தது சரியா? அவசரப்பட்டு ஆம் என்றுவிடக் கூடாது. அது உம்மம்மாவின் பெயரையும் அதே பெட்டிக்குள்தான் கொட்டியது. யாருடைய விருப்பமும் அதற்குத் தெரியாது. தெரியாமல் தட்டுப்பட்ட நன்மையை நன்னடத்தை என்று சொல்வதற்கில்லை. நிய்யத் இல்லாத இடத்தில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நிய்யத் இருந்தவன் நான். எனவே கணக்கும் என்னுடையதுதான்.

நாட்டார் பாடல்களைத் தொகுப்பவர்கள் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்து நூலாக்கியிராவிட்டால், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகள் பலவற்றை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். பேணுவது கடமை என்பதில் சந்தேகமில்லை. பெயரை அழிப்பது அநியாயம் என்பதும், குறிப்பாகப் பெண்களின் பெயர்களை எங்கள் சமூகம் எளிதாக அழித்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த அநியாயத்தைத் திருத்தும் உரிமையை நாம் எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையே தாண்டிப் போகிறோமா என்றும் பார்க்க வேண்டும். அவர் பயத்தினால் சொன்னாரா, நாணத்தினால் சொன்னாரா, அல்லது அது தன்னுடையது மட்டும் என்பதால் சொன்னாரா? எனக்கு அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. என்னிடம் தந்தது பாட்டை மட்டுமல்ல, ஒரு நிபந்தனையோடு பாட்டை. இரண்டும் சேர்ந்ததுதான் அமானிதம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டவன் அமானிதம் பேணியவன் ஆகமாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மகளின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், 2014ஐயும் சொன்னேன். "தெரியும் சேர். மகன் அண்டைக்கே வந்து சொன்னான்" என்றார். பதினொரு வருடங்களாக அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. வழியில் கண்டால் ஸலாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இனிப் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். "உம்மா சொன்னத நான் எப்படி மாத்துற, சேர்?" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களா?" என்றார். கைப்பேசியில் கொண்டுபோயிருந்தேன். இருவரும் அதே அடுப்படித் திண்ணையில் இருந்து ஒன்பதையும் கேட்டோம்.

வீடு வந்து அந்தக் கவிகளைத் தனியாக எடுத்து வைத்தேன். பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டால் மென்பொருள் மறுபடியும் "தெரியாத கலைஞர்" என்று நிரப்புகிறது. அது பொய். அவர் தெரியாதவர் அல்லர், தெரியவேண்டாம் என்றவர். "பெயர் வேண்டாம் என்றவர்" என்று எழுதினேன். இந்த முறை கோப்பின் உள்ளேயே எழுதினேன்.

தானாக இற்றைப்படுத்துவதை நிறுத்திவிட்டேன். கொப்பியைப் போட்டோப்பிரதி எடுத்து வேறு வீட்டில் வைத்திருக்கிறேன். 23 பேரில் 14 பேர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறேன்; இதுவரை ஆறு வீடு முடிந்திருக்கிறது. பொலிப்பாட்டுப் பாடிய ஒருவரின் மகன் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாப்பாட பேர பிழையா எழுதியிருக்கீங்க சேர். திருத்திட்டு எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க" என்றார். இருபது வருடமாக அது பிழையாகவே இருந்திருக்கிறது. அன்றிரவே திருத்தினேன்.