நடுவர் இருக்கையும் ஓர் அறமே



மகாவீரர் பிறந்தநாளை ஒட்டியும், ஆலய விழாக்களை ஒட்டியும் நம்மவர்கள் கவிதைப் போட்டி நடத்துவதுண்டு. பள்ளிச் சிறுவரும், இல்லத்தரசியரும், பணி ஓய்வு பெற்ற பெரியோரும் ஆர்வத்துடன் எழுதுகின்றனர். இவர்கள் புலமையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பரிசும் ஒரு நூலோ, ஒரு சிறு விளக்கோதான். ஆயினும் அங்கே நடுவராய் அமர்வது சிறு பணியன்று. எழுதியவரின் தமிழ் ஒருமுறை சோதிக்கப்படுகிறது; நடுவரின் உள்ளமோ ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் சோதிக்கப்படுகிறது.

நம் சமூகம் அளவிற் சிறியது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் என எவ்வூர்ப் பக்கம் சென்றாலும் ஏதேனும் ஓர் உறவு இருக்கும். பெயரை மறைத்து எண் மட்டும் இட்டுத் தந்தாலும், 'இன்னார் மகள் எழுதியது' என்று கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடும். அந்நொடியில் நால்வகைக் கசாயங்களும் நடுவரை நெருங்கி வந்து அமர்கின்றன. கூட்டத்தில் நம்மை எதிர்த்துப் பேசியவர் வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று முகம் சுளித்தால் அது வெகுளி. இதனினும் நாமே நன்றாக எழுதுவோம் என்று எண்ணினால் அது செருக்கு. உறவினர் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு, அதற்குக் காரணம் கற்பித்தால் அது வஞ்சம். விழாப் புரவலர் வீட்டாரை உயர்த்தினால் நாளை நமக்கு நன்மை கிட்டும் என்று கணக்கிட்டால் அது உலோபம். வினை வந்து ஒட்டுவதற்குப் போர்க்களம் வேண்டுவதில்லை. முப்பது தாள்களும் ஓர் எழுதுகோலுமே போதும்.

இதற்கு மருந்து யாது? உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகளை அருளியுள்ளார். எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தாரைக் கண்டு மகிழ்தல், துன்புறுவோரிடம் இரக்கம், நல்லுரை ஏலாதாரிடத்து விருப்பு வெறுப்பின்மை என்பன அவை. நடுவருக்கு நான்காவதே உரியது என்று பலரும் கருதுவர். ஆனால் முதற்கண் வேண்டுவது இரண்டாவதாகிய பிரமோதமே. பிறர் சொல்லழகு கண்டு மலராத உள்ளம், எத்துணை நேர்மையுடையதாயினும், குற்றங்களையே எண்ணிக்கொண்டிருக்கும்.

திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியைத் தொடங்கிய வரலாற்றை நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். மாணவர் காப்பியம் பாட இசைவளித்த ஆசிரியர், கடவுள் வாழ்த்தாகத் தாமே ஒரு செய்யுள் இயற்றித் தந்தார். தேவரும் ஒரு வாழ்த்துச் செய்யுள் பாடினார். இரண்டையும் சீர்தூக்கிய ஆசிரியர், தம் பாடலினும் மாணவர் பாடலே சிறந்தது என்று கண்டு, அதனை முதலாகவும் தமதை அடுத்ததாகவும் வைக்கப் பணித்தார். அங்கே நடுவரும் அவரே, போட்டியிட்டவருள் ஒருவரும் அவரே. தீர்ப்பைத் தமக்கு எதிராக எழுதி, அதில் மகிழ்ச்சியும் கண்டார். பிரமோத பாவனைக்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுமோ!

இனி, நடுவர் மூவராயின் நோக்கும் மூன்றாகும். ஒருவர் யாப்பைக் காண்பார். ஒருவர் கருத்தைக் காண்பார். ஒருவர் உவமையில் தோய்வார். ஒவ்வொன்றும் ஒரு நயமே. எதுவும் தனித்து நின்று முழுமை ஆகாது. ஒரே கவிதைக்கு ஒருவர் எண்பதும் மற்றவர் நாற்பதும் இட்டால், சராசரி அறுபது என்று எழுதி முடிப்பது எளிது. அது அநேகாந்தம் ஆகாது. "யான் காணாத எதனைத் தாங்கள் கண்டீர்கள்?" என்று வினவுவதே அநேகாந்தம். சைவப் பெருங்குடியிற் பிறந்த உ.வே. சாமிநாதையர், சிந்தாமணியின் சமயக் கருத்துகள் விளங்காதபோது நூலைக் குறை கூறவில்லை. கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடிச் சென்று கேட்டுக் கற்றார்; 1887ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தார். பிறர் நின்ற இடத்தில் தாமும் நின்று பார்த்த அப்பெருந்தன்மை நம் நடுவர்க்கும் வேண்டும்.

"எவர் உள்ளமும் நோகாதபடி எல்லார்க்கும் முதற்பரிசு தந்துவிடலாமே" என்பாரும் உளர். அது அகிம்சை போலத் தோன்றும். வாய்மையோ அங்கு இராது. தளை தட்டிய வெண்பாவைக் குற்றமற்றது என்று புகழ்ந்தால், எழுதியவர் கற்கும் வழியை நாமே அடைத்தவர் ஆவோம். பிறர் பாடலைத் தம் பெயரால் அனுப்புதல் கள்ளாமைக்கு மாறானது. அதற்குப் பரிசு இல்லை. ஆயினும் அதனை மேடையில் அறிவித்து நாணச் செய்தல் தகாது. தனியே அழைத்து உரைத்தலே முறை. பழியை நீக்குதலும், நழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துதலும் நற்காட்சியின் உறுப்புகள் என்று அருங்கலச்செப்பு கூறுவதை நாம் மறத்தல் ஆகாது.

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி முதன்முறையாக ஒரு பாடல் எழுதி அனுப்புவதாகக் கொள்வோம். அவையில் எழும் ஒரு சிறு நகைப்பு போதும். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு இனி எழுதாமலே போகக்கூடும். காப்பியங்களையும் இலக்கணங்களையும் நீதி நூல்களையும் தமிழுக்கு ஈந்த மரபு, நாளை இத்தகைய பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது. ஆதலின் பரிசு பெறாத தாளிலும், அதில் நன்றாய் அமைந்தது ஒன்று, திருத்த வேண்டுவது ஒன்று என இரண்டு வரி எழுதித் திருப்பித் தருதல் நடுவரின் கடமை. அதற்கு ஒருநாள் மாலைப்பொழுது செலவாகலாம். அச்செலவு ஞானதானமே ஆகும்.

போட்டியில் கலந்துகொள்வோர்க்கும் ஒரு சொல். முதற்பரிசு பெற்றவர் செருக்கடைய வேண்டா. பெறாதவர் வாட வேண்டா. நாலடியாரின் நானூறு வெண்பாக்களையும் சமண முனிவர் பலர் பாடினர் என்பது மரபு. எப்பாடலை எவர் பாடினார் என்பதை நாம் அறியோம்; ஓதுகின்றோம், பயன் பெறுகின்றோம். மேலும், சிந்தாமணியைத் திறக்குந்தோறும் ஆசிரியரின் பாடல் இரண்டாவதாக நின்று நம்மை வாழ்த்துகிறது. இரண்டாம் இடம் இழிவன்று; அது குருநாதர் தாமே விரும்பி ஏற்ற இடம்.

மும்மணி ஒளி பெருகுக! அருகன் அறம் வாழ்க!