நாணு என்னும் நாராயணன்

குழந்தைக்கு இறைவனின் நாமத்தைச் சூட்டினால், அதை அழைக்கும் சாக்கிலாவது நாவில் அந்த நாமம் வரும் என்பது பெரியோர் கொள்கை. அஜாமிளன் கதையை அறியாதவர் யார்? சாகும் தறுவாயில் அவன் அழைத்தது தன் கடைசி மகனைத்தான். அம்மகனின் பெயர் நாராயணன்.

அதே பெயர் 1856-ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஒரு குழந்தைக்கு வாய்த்தது. தாய் குட்டியம்மை, தந்தை மாடன் ஆசான். மாடன் என்பது தென்திருவிதாங்கூரிலும் நெல்லைச் சீமையிலும் காவல் நிற்கும் கிராம தெய்வத்தின் பெயர். ஆசான் என்பதோ, பிள்ளைகளுக்குக் கற்பித்ததால் ஊரார் சேர்த்து வழங்கியது. நாரம் என்றால் நீர்; அயனம் என்றால் இருப்பிடம். நீரில் பள்ளிகொண்டவன் நாராயணன். உயிர்களுக்கெல்லாம் இருப்பிடமானவன் என்றும் பொருள் சொல்வர். வீட்டார் வாயில் அப்பெயர் நாணு என்று சுருங்கியது.

சுருங்கியதில் குறையொன்றுமில்லை. 1877 முதல் 1880 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவரும் ஒரு நாணுதான், நாணு பிள்ளை. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கோயிலுள் நுழையலாம் என்பதைத் தீர்மானித்தது பெயருக்குப் பின்னால் நின்ற சொல். சில வேளைகளில் இட்ட பெயருக்கே தடை வந்தது. இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில் 1809-இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். மேல்சாதியார் எதிர்க்கவே, அது முத்துக்குட்டி என்று மாறிற்று. அவரே பின்னாளில் ஐயா வைகுண்டர்.

நாணுவும் தந்தையைப் போலவே கற்பித்து, நாணு ஆசான் ஆனார். தைக்காடு ஐயாவிடம் யோகம் பயின்றார். தமிழரான அந்தக் குருவின் இயற்பெயர் சுப்பராயன். மருத்துவாழ்மலையில் தவமிருந்தார். பிறகு நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில் தங்கினார். நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துச் சிற்றூர்களில் மலையாளத்தோடு தமிழும் ஒலிக்கும். அவரும் தமிழில் பதிகங்கள் இயற்றியவர்.

1888-ஆம் ஆண்டு மகாசிவராத்திரியன்று, ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லை அங்கே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணரல்லாதவருக்கு அந்த அதிகாரம் ஏது என்று கேள்வி எழுந்தது. தாம் பிரதிஷ்டை செய்தது ஈழவ சிவனையே என்று அவர் விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது.

இதை வெறும் சாமர்த்தியமான பதிலாகக் கொள்வாருண்டு. அது போதாது. கேட்டவர்கள் மனிதரின் பெயரோடு சாதியைச் சேர்த்தே பார்த்துப் பழகியவர்கள். அதே ஒட்டை எடுத்து அவர் சிவனின் திருநாமத்தோடு சேர்த்துக் காட்டினார். காதில் விழும்போதே அது ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்று ஒப்புக்கொண்டால், அச்சிவனே உள்ளுறையும் மனிதனுக்கு மட்டும் எப்படி ஒட்டும்?

ஆயினும் அவ்விடையில் ஓர் ஆபத்தும் இருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு, ‘எங்கள் சிவன்’ என்று வேலி கட்டிக்கொள்ளவும் மனிதரால் முடியும். குரு அதற்கு இடம் வைக்கவில்லை. சாதிபேதமும் மதத்துவேஷமும் இன்றி எல்லோரும் சகோதரராக வாழும் இடம் இது என்னும் கருத்தை அங்கே எழுதி வைத்தார். 1916-இல், தமக்குச் சாதியே இல்லை என்று அறிக்கையும் வெளியிட்டார்.

மறு ஆண்டே அவருடைய சீடர் ஐயப்பன், செறாயியில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். வெகுண்ட சொந்தச் சாதியினர், ஒடுக்கப்பட்ட சாதி ஒன்றின் பெயரை அவர் பெயருக்கு முன் சேர்த்து இகழ்ந்தனர். அவர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். பின்னர் தாம் நடத்திய இதழுக்குச் ‘சகோதரன்’ என்று பெயரிட்டார். நாளடைவில் அதுவே சகோதரன் ஐயப்பன் என்று அவர் பெயரோடு நிலைத்தது.