படுத்திருக்க ஒரு காரணம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பகல் நேரத்தில் பாயை விரித்துப் படுத்தால், ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று அவளிடம் இருக்க வேண்டும். பிள்ளை பெற்றவள் படுக்கலாம். டைபாய்டு கண்டவள், கால் முறிந்தவள் படுக்கலாம். கர்ப்பப்பையை எடுத்தவளுக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. உடம்பு இளைத்த பிறகு தொங்கிப்போன தோலை அறுத்து எடுத்துவிட்டு வந்தவள் படுக்கலாமா? உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இந்தக் கேள்விக்கு வழக்கம் எதுவும் பதில் வைத்திருக்கவில்லை. சென்ற தை மாதம் என் வீட்டுத் திண்ணையில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு அடைப்பது எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்த பிறகு, சென்னையில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். எடை இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள், பாராட்டினார்கள். புடவைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நின்ற தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்கிற இழைகள் சிதைந்துபோகின்றன. உள்ளே இருந்த கொழுப்பு கரைந்தாலும் அந்தத் தோல் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. உடற்பயிற்சி தசையை வலுவாக்கும். தொங்கும் தோலை மேலே ஏற்றாது. எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் விழும், மடிப்புக்குள் வியர்வை தங்கும். அக்னி நட்சத்திரத்தில், மின்சாரமும் போய்விட்ட மத்தியானங்களில், அந்த மடிப்பு வெந்து புண்ணாகும். படை வரும், நாற்றம் வரும். பழைய வேட்டியைக் கிழித்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். பிள்ளைகளுக்கு வாடை தெரிந்துவிடக் கூடாதே என்று ஜன்னலோரமாகவே நின்று பாடம் நடத்துவேன். நூறு கிலோவுக்கு மேல் இருந்த காலத்தில்கூட நான் என் உடம்பை அவ்வளவு வெறுத்ததில்லை.

எடை எவ்வளவு இறங்கியது என்ற கணக்கைக் கேட்டுத்தான் உலகத்துக்குப் பழக்கம். 2013-ல் சவூதி அரேபியாவில் காலித் பின் மொஹ்சின் ஷாரி என்ற இளைஞர் 610 கிலோ எடையோடு எழ முடியாமல் கிடந்தார். அரசர் அப்துல்லாவின் உத்தரவின்பேரில் அவரை ரியாத்துக்குக் கொண்டுபோய் சிகிச்சை தந்தார்கள். 500 கிலோவுக்கு மேல் குறைந்தார். மிஞ்சிய தோலை நீக்க அவருக்குப் பலமுறை அறுவை தேவைப்பட்டது என்பது நான் படித்த செய்திகளில் கடைசி வரியாகவே இருந்தது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

இந்த அறுவையை நினைத்தவுடன் செய்துவிட மாட்டார்கள். இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை பொறுக்கச் சொல்வார்கள். எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். சுருங்கிய இரைப்பையோடு இருப்பவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாம் எளிதில் குறையும். குறைந்தால் காயம் ஆறாது. ஆகவே ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். எனக்குச் செய்தது இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக அறுக்கும் முறை. வெட்டு வயிற்றில் தொடங்கி முதுகைச் சுற்றி வந்து சேரும், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றே கீழே. விலகிப்போயிருந்த வயிற்றுத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். தொப்புளுக்குப் புது வாசல் திறந்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது இரண்டு பக்கமும் டியூப் தொங்கியது. உள்ளே ஊறும் நீரை அது வெளியே இழுக்கும். தினமும் எத்தனை மில்லி என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் பொதுவாக டியூபை எடுப்பார்கள். வயிற்றுத் தோல் இறுகியிருப்பதால் நிமிர்ந்து நிற்க முடியாது. கூனிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மல்லாந்து நீட்டிப் படுக்கவும் முடியாது. முதுகு உயர்ந்து, முழங்கால் மடங்கி இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும், அது நினைத்துப் பார்க்கவே முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார்கள். பாவாடை நாடா தையல்மேல் உட்காரும் என்பதால் வாரக்கணக்கில் நைட்டிதான். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்றை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், சுமார் ஆறு வாரம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இரும வேண்டும்.

முதுகு உயர்ந்து, கால் மடங்கிப் படுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே இடம் தாத்தாவின் ஈஸிசேர். அதில் தாத்தா படுத்திருந்தார், அப்பா படுத்திருந்தார், இப்போது என் வீட்டுக்காரர் படுக்கிறார். அவர்களில் யாரிடமும் ஏன் படுத்திருக்கிறீர்கள் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான் அதில் சாய்ந்தது இந்தத் தையலோடுதான். சம்பா அறுவடை நேரம் வேறு. தெருவே களத்துக்கும் கழனிக்கும் ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் சாய்ந்திருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்: "எதுக்கு டீச்சர் இந்த வேல? மூடிக்கினுதானே இருந்துது, பொடவைக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போவுது?" செலவையும் கணக்குப் போட்டார்கள். அந்தக் காசில் இரண்டு கறவை மாடு பிடித்திருக்கலாமாம். இன்னொரு சங்கடமும் இருந்தது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக, அறுவை முடிந்த மறுநாளிலிருந்தே நடக்க வைப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கூடத்தில் பலமுறை நடக்க வேண்டும். அதைப் பார்த்தவர்கள், "நல்லாத்தானே நடக்கறாங்க" என்றார்கள். நடப்பதும் சிகிச்சை, சாய்வதும் சிகிச்சை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை.

வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்டவர்களிடம் "ஹெர்னியா ஆபரேஷன்" என்றார். அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது. ஹார்லிக்ஸ் வந்தது, சாத்துக்குடி வந்தது. "தூக்கம் வருதா, வலி இருக்கா" என்று கேட்டார்கள். அதே உடம்பு, அதே தையல், அதே டியூப். காரணம் ஒன்று மாறியதும் என் வலி நிஜமாகிவிட்டது. அவர் அன்பினால் சொன்ன பொய்தான் அது, ஆனால் என்னால் அதோடு இருக்க முடியவில்லை. அடுத்து வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்.

ஊரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காப்பீட்டு விதியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள விதிப்படி, பிஎம்ஐ என்கிற உடல் நிறைக் குறியீடு 40-ஐத் தொட்டால், அல்லது சில கடும் நோய்களோடு 35-ஐத் தொட்டால், எடை குறைக்கும் அறுவைக்குக் காப்பீடு தர இடம் உண்டு. தோற்றத்தை மாற்றும் அறுவைக்கு இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் உடலைச் சீரமைப்பதாக இருக்க வேண்டும், அல்லது உடனடி ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று நிரூபிக்க வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயம் பட்டவர்களுக்கும், ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவில் விரல் துண்டானவர்களுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிறார்கள். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. மடிப்புக்குள் வருடம் முழுக்க ஆறாத புண் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தகுதியை எழுதிவைத்ததில் எங்கள் உத்திரமேரூருக்கு ஒரு பெருமை உண்டு. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லில் குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம் என்று வெட்டி வைத்தார்கள். கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று அது நீளும். ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பொதுப் பொறுப்பை ஒருவரிடம் கொடுக்கத் தகுதி பார்க்கத்தான் வேண்டும். காயம் பட்ட ஒருத்தி சாய்ந்துகொள்வதற்கு அது எதற்கு? அந்தப் பட்டியலை எந்தக் கல்லிலும் எழுதவில்லை, ஆனாலும் எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். எனக்கும்தான். யாராவது கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஈஸிசேரிலிருந்து எழுந்துவிடப் பார்ப்பேன். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஒரு அதட்டலில் உட்கார வைப்பாள்.

பெரியம்மா தெருவில் பல பிரசவங்களுக்குத் துணை நின்றவள். என் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அடிவயித்துக் கட்டுதானே, உங்கம்மாவுக்குப் பழைய பொடவைய கிழிச்சி நான்தான் கட்டிவுட்டேன்" என்றாள். அதோடு அவளுக்குச் சந்தேகம் எல்லாம் தீர்ந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதையெல்லாம் எனக்குச் செய்தாள். குனியவிடவில்லை, குடம் தொடவிடவில்லை. சாப்பாட்டில்தான் எங்களுக்குள் சண்டை. முட்டையும் பருப்பும் தின்றால் சீழ் வைக்கும், தண்ணீர் குடித்தால் தையல் ஊறும் என்பது அவள் நம்பிக்கை. டாக்டர் சொன்னதோ நேர்மாறு: காயம் ஆறப் புரதம் வேண்டும், ரத்தம் உறையாமலிருக்கத் தண்ணீர் வேண்டும். விராலில் வந்து இருவரும் ஒத்துப்போனோம். புண் ஆற விரால் நல்லது என்று அவள் நம்பினாள். மலேசியாவில் இதே மீனை ஹாருவான் என்ற பெயரில், வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்த தாய்மாருக்குக் கொடுக்கிறார்கள். காயத்தை ஆற்றும் குணம் அதற்கு உண்டா என்று அங்கே ஆராய்ந்தும் இருக்கிறார்கள். சின்னச் சின்னத் துண்டாக, சுருங்கிய இரைப்பை தாங்கும் அளவுக்கு, அவள் முள்ளெடுத்து ஊட்டினாள்.

அவளிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிரசவத்தோடு ஒப்பிட முடிந்ததால்தான் அவளால் எனக்கு ஓய்வு தர முடிந்தது. ஒப்பிட எதுவும் கிடைக்காத வலியோடு வருகிறவள் என்ன செய்வாள்?

இதற்குப் பதிலை நான் எதிர்பார்க்காத ஒருத்தியிடம் கேட்டேன். எதிர்வீட்டில் இருப்பவள், நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள். வந்தாள், நின்றாள், உட்காரவில்லை. "டீச்சர், எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி தையல் பிரிச்ச மறுநாளே நடவுக்குப் போனேன். எனக்கு யாரு தலைகாணி வெச்சாங்க? இன்னிக்கும் குனிஞ்சா அடிவயிறு இஸ்துக்கினு போவுது" என்றாள்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு மிக மிகச் சொற்பம். அரசு கூலி இழப்புக்கென்று ஒரு தொகை தருகிறது. அந்த நாட்களில் குடம் சுமக்க ஆள் தருவதில்லை. எனக்கு மருத்துவ விடுப்பு இருந்தது, சம்பளம் இருந்தது, ஈஸிசேர் இருந்தது. அவளுக்கு எதுவுமே இல்லை. அவள் கோபம் என்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஓய்வு கூடாது என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தனக்கு வரவேண்டியிருந்தது எங்கே என்று கேட்டாள். மறுநாள் காலை எங்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தவளும் அவள்தான். நான் எழுந்து நடமாடும்வரை தினமும் போட்டாள்.

என் தீர்மானம் இது: அவள் படுக்க முடியாமல் போனதை வைத்து என் ஓய்வைக் குறைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்ததை அளவாக வைத்து அவளுக்கும் கொடுக்க வேண்டும். காயம் இருக்கிறது என்ற ஒன்றே போதும். ஏன் வந்தது, யார் சொல்லி அறுத்தார்கள், எத்தனை செலவு என்பதற்கும் தசை கூடுவதற்கும் சம்பந்தமில்லை. வேண்டி அறுத்துக்கொண்ட தோலுக்கும் வேண்டாமல் கிழிந்த தோலுக்கும் ஆறக் காலம் வேண்டும்.

இனி என்னைப் போன்றவர்கள் இன்னும் வருவார்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4. கிராமமும் இதற்கு விலக்கில்லை. எடை குறைக்கும் சிகிச்சைகள் பெருகப் பெருக, தொங்கும் தோலோடு மௌனமாக இருப்பவர்களும் பெருகுவார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். இரண்டாம் வாரத்தில், இவ்வளவு செய்து இதுதானா என்று அழுகை வரும். அடிவயிற்றில் தொட்டால் உணர்வு தெரியாத இடம் இருக்கும். தழும்பு வெளிற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். எனக்கு மடிப்புப் புண் வருவது நின்றது. இந்தக் கோடையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினேன்.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். கனம் தூக்கக் கூடாது, ஆறு வாரம் என்று டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்கிறீர்கள். அதைத் தமிழில் எழுதுங்கள். அவளிடம் சொன்னது போதாது. வீட்டுக்காரரையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி தையலோடு வந்தால், எந்தத் தையலாக இருந்தாலும், முதலில் குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் செய்துகொண்டாய் என்று கேட்டே தீர வேண்டுமென்றால் ஏழாவது வாரத்தில் கேளுங்கள்.