யார் பேரில் எழுதுவது?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். டிரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு டீ சாப்பிடப் போகலாம். தப்பு எங்கே என்று பிறகு தேட வேண்டும் என்பது விதி. அந்தப் 'பிறகு' அநேகமாக வராது!

வீட்டிலும் ஆபீஸிலும் நாம் இதே கணக்கைத்தான் எழுதுகிறோம். என்ன ஒன்று... அங்கே சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டுக்கு ஒரு மனிதரின் பெயர் இருக்கும். பீரோவில் நூறு ரூபாய் குறைந்தால் உங்களுக்கு முதலில் யார் முகம் ஞாபகம் வருகிறது? நேர்மையாகச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டயர் பஞ்சர். பஞ்சர் கடை வாசலில் ஒரு பழைய லாரி. ராத்திரி நன்றாக வந்து நின்றது, காலையில் மக்கர். டிரைவர் செல்போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மொதலாளி... சத்தியமா விக்கலீங்க..."

ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறையாம். முதல் இரண்டு தடவையும் வழியில் கிடைத்த மெக்கானிக்குகள் ஏர் எடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிவிட்டுக் காசு வாங்கிப் போய்விட்டார்கள். முதலாளியின் தீர்ப்போ ரொம்ப சிம்பிள். ஏர் ஏறியிருக்கிறது என்றால் டேங்க் காலியாக ஓடியிருக்கிறது. காலியாக ஓடியது என்றால் டிரைவர் டீசலை விற்றிருக்கிறான். பேட்டாவில் பிடித்தாகிவிட்டது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, இருபது மடங்கு இறுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1897-ல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய வித்தை இதுதான். பீய்ச்சுவதற்கு ஏகப்பட்ட அழுத்தம் வேண்டும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் அது பஞ்சு மாதிரி அமுங்கிக் கொடுக்கும், அழுத்தம் ஏறாது. செல்ஃப் சுற்றும், புகைகூட வராது. (இன்றைய லாரிகளில் ஸ்கேனரைச் செருகினால் கம்ப்யூட்டர் கொஞ்சமாவது துப்புக் கொடுக்கும். பழைய வண்டி வாயில்லா ஜீவன்.)

விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெரியவர் வந்தார். யார்மேலும் எந்த அபிப்பிராயமும் சொல்லவில்லை. முதலில், இன்ஜினை நிறுத்தும் கேபிள் இழுத்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் டீசல். ஃபில்டர் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைபம்பை அடித்தார். சோப்பு நுரை மாதிரி பொங்கியது. நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை முறுக்கினார். வண்டி கிளம்பிவிட்டது!

நானாக இருந்தால் அங்கேயே கையைக் கழுவியிருப்பேன். அவர் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.

"காத்து வெளிய போச்சு, சரி. உள்ள எப்டி வந்துச்சு?"

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினார். ஒரு கேனில் டீசலை ஊற்றி, தன்னிடமிருந்த வேறு குழாய் வழியாக பம்புக்குக் கொடுத்து, மறுபடி ஏர் எடுத்து ஓடவிட்டார். அரை மணி நேரம். ஒரு குமிழிகூட இல்லை. அப்படியானால் தப்பு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான். லாரிக்கு அடியில் படுத்து, சேஸிஸில் உரசி உரசி மயிரிழை விரிசல் விட்டிருந்த ரப்பர் குழாயை எடுத்து வந்தார்.

இதில் ஒரு விஷயம் பாருங்கள். பம்ப் டீசலை உறிஞ்சுகிற பக்கம் அது. டேங்க் தாழ்வாக இருப்பதால் அங்கே ஓட்டை விழுந்தாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். தரையில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. தடயமே இல்லாத தப்பு. அதனால்தான் அது அத்தனை சுலபமாக ஒரு ஆள் பேரில் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் இரண்டு மெக்கானிக்குகளும் வேலையில் குறை வைக்கவில்லை. கேட்டது வண்டி கிளம்ப வேண்டும் என்பது, கிளப்பிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் தேடுவது அவர்கள் கடமையா? காசுக்கு உண்டான வேலை என்று பார்த்தால் இல்லை. ஆனால், அவர்கள் தேடாமல் விட்ட அந்த அரை மணி நேரத்துக்கான பில், டிரைவரின் பேட்டாவில் போய் விழுந்தது.

பெரியவரே போனை வாங்கி முதலாளிக்கு விளக்கினார். அந்தப் பக்கம், "சரி சரி, லோடு லேட்டாவுது, கெளம்பச் சொல்லு" என்றது எனக்கே கேட்டது.

டிரைவர் அந்தப் பழைய குழாயைத் தூக்கி எறியவில்லை. தினத்தாளில் சுற்றி, டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

"எதுக்குண்ணே அது?" என்றேன்.

"நேர்ல காட்டணும் சார்."