ஆறாவது கியரில் ஒரு பொய்

'ஹயபுசா' என்றால் ஜப்பானிய மொழியில் பைரி, அதாவது வல்லூறு. 'தூம்' (2004) பார்த்த நம்மூர்ப் பையன்களுக்கெல்லாம் அத்துப்படியான பைக். 1999-ல் சுஸுகி இதை இறக்கியபோது, 1298 சிசி இன்ஜின் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தது. 'இந்த மாதிரி வண்டிகளுக்குத் தடை வருமோ' என்று ஐரோப்பாவில் பேச்சு கிளம்ப, கம்பெனிகள் முந்திக்கொண்டன. சட்டம் போடாமலே, தங்களுக்குள் ஒரு பெரிய மனுஷ ஒப்பந்தம்: 299-க்கு மேல் போவதில்லை. அடுத்த ஓரிரு வருஷத்தில் ஹயபுசாவின் கம்ப்யூட்டரில் பூட்டு விழுந்தது.

பூட்டு என்றால் கள்ளச்சாவி வராமலிருக்குமா? அந்தத் தலைமுறை வண்டியில் பூட்டு விழுவது ஆறாவது கியரில்தான். கியர் சென்சார் ஒயரில் ஒரு குட்டி ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டால், வண்டி ஆறில் ஓடினாலும் கம்ப்யூட்டர் ஐந்து என்றே நம்பும். இன்ஜினில் எதையும் திருத்துவதில்லை. அதனிடம் ஒரு பொய் சொல்கிறோம், அவ்வளவுதான்.

'என் வண்டி, என் காசு, என் உயிர். உனக்கென்ன?' என்பீர்கள். சரி, கணக்குப் போடலாம். 299-ல் போனால் வினாடிக்கு 83 மீட்டர். 310-ல் 86. கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிறது. குறுக்கே வரும் கிழவிக்கு அந்த மூன்று மீட்டரால் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. பொது ரோட்டில் 299-ஏ அக்கிரமம்தானே? அப்படியானால் பூட்டைத் திறப்பதில் தப்பே இல்லையா?

இருக்கிறது. வேகத்தில் இல்லை, மறைப்பதில். ரேஸ் டிராக்கில், எல்லோருக்கும் தெரிந்து, நல்ல டயர் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், யாரும் ஏமாறவில்லை. ஆனால் இருபது வருஷப் பழைய பைக் ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. மூன்றாவதாக வாங்குகிற பையனிடம் பெயின்ட்டைக் காட்டுவோம், மைலேஜ் சொல்வோம். ஸீட்டுக்கடியில் இருக்கும் ரெசிஸ்டரைப் பற்றி மூச்சு விடமாட்டோம். இன்ஷூரன்ஸ்காரரிடமும்தான். கம்ப்யூட்டரிடம் சொன்ன பொய், மெள்ள மனுஷர்களிடம் சொல்லும் பொய்யாகிவிடுகிறது.

உங்கள் உயிரைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை உண்டா என்பது பெரிய விவாதம். தத்துவக்காரர்கள் இன்னும் முடிக்கவில்லை. அடுத்தவன் உயிரை, அவனுக்குத் தெரியாமல் பணயம் வைக்க உரிமையில்லை என்பதில் விவாதமே இல்லை. பூட்டைக் கழற்றியே தீருவேன் என்றால் கழற்றுங்கள். விற்கும்போது, ஆர்.சி. புக்கோடு அந்த உண்மையையும் சேர்த்துக் கொடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், கழற்றாமல் இருப்பதே உத்தமம்.